டீசல் காசு கண்ணுக்குத் தெரியும், பலகை தேய்வது தெரியாது: கம்பெனிகளின் இயக்கச் செலவைப் படிக்கும் விதம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் என் சித்தப்பாவுக்கு ஒரு விசைப்படகு இருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு நீளமான நோட்டில் கணக்கு எழுதுவார். இடப்பக்கம் மீன் விற்ற காசு, இறால் இவ்வளவு, கணவாய் இவ்வளவு, நண்டு இவ்வளவு, சங்காயம் என்கிற கழிவு மீன் இவ்வளவு என்று. வலப்பக்கம் டீசல், ஐஸ், அரிசி பருப்புச் சாமான், ஆட்கள் பங்கு, வலை தைத்த கூலி. கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மிச்சம். "ஒரு தடவ போயிட்டு வந்தா இருபதாயிரத்துக்குக் குறையாம நிக்குது தம்பி" என்பார், அதில் பொய் இல்லை, நானே கூட்டிப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒன்பதாவது வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றியபோது, தச்சர் சுத்தியலால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல பலகை கணீரென்று சொல்லும், இற்றுப்போன பலகை பொத்தென்று சொல்லும். பாதிக்கு மேல் பொத்தென்றுதான் சொன்னது. புதுப் படகுக்குக் கையில் காசு இல்லை, வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் வேலை நடந்தது, அந்தக் கடன் அடைய பல வருடம் ஆனது.

அந்த நோட்டின் வலப்பக்கம் இருந்ததே, அதைத்தான் பங்குச் சந்தைக் கம்பெனிகளின் கணக்கில் 'தேய்மானத்துக்கும் போக்கெழுதுதலுக்கும் முந்தைய இயக்கச் செலவு' என்கிறார்கள். பெயர் நீளம், விஷயம் எளிது. தொழிலை இன்றைக்கு ஓட்ட ஆகும் செலவு எல்லாம் இதில் சேரும். ஏற்கெனவே வாங்கி வைத்த பொருள் பழசாவதற்காக எழுதும் செலவு, கடனுக்கு வட்டி, வருமான வரி, இந்த மூன்றும் சேராது. விற்பனையிலிருந்து இந்தச் செலவைக் கழித்தால் வருவதுதான் எல்லோரும் பேசும் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம், போக்கெழுதுதல் இவற்றுக்கு முந்தைய இலாபம். எபிட்டாவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, ஆனால் அதைத் தீர்மானிக்கும் செலவுப் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் கம்பெனியின் குணம் தெரிவது அந்தப் பக்கத்தில்தான், ஏமாற்று வேலை நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் இந்த எண்ணை எங்கே தேடுவது? இந்தியக் கம்பெனிகளின் இலாப நட்டக் கணக்கில் இந்தப் பெயரில் ஒரு வரி இருக்காது. 2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லும் படிவத்தில் செலவுகள் இப்படி வரும்: நுகர்ந்த மூலப்பொருள், விற்பனைக்கென வாங்கிய சரக்கு, கையிருப்பு மாற்றம், ஊழியர் செலவு, நிதிச் செலவு (கடன் வட்டி), தேய்மானமும் போக்கெழுதுதலும், இதர செலவுகள். நமக்கு வேலை சுலபம். மொத்தச் செலவிலிருந்து நிதிச் செலவையும் தேய்மானம், போக்கெழுதுதலையும் கழித்துவிட்டால் மீதி நாம் தேடும் எண். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகளைச் சந்தைக்குச் சொல்லியாக வேண்டும், வருடக் கணக்குக்கு 60 நாள், அதனால் எந்த எண்ணுக்கும் ரொம்பக் காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் கம்பெனி என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அங்கே செலவை அதன் இயல்பை வைத்துப் பிரிக்காமல் வேலையை வைத்துப் பிரிக்கிறார்கள், விற்ற பொருளின் அடக்கவிலை ஒரு வரி, விற்பனை மற்றும் நிர்வாகச் செலவு ஒரு வரி. தொழிற்சாலை இயந்திரத்தின் தேய்மானம் முதல் வரிக்குள் ஒளிந்திருக்கும், அலுவலகக் கட்டடத்தின் தேய்மானம் இரண்டாவது வரிக்குள். பணப்பாய்வு அறிக்கைக்குப் போய் அங்கே தேய்மானம் என்று தனியாகக் காட்டியிருக்கும் தொகையை எடுத்து வந்து கழிக்க வேண்டும். காம்புஸ்டாட் போன்ற தரவுத் தொகுப்புகள் இந்த வேலையைச் செய்துதான் தேய்மானம் நீக்கிய இயக்கச் செலவைத் தருகின்றன. அதனால் ஒரு இணையதளத்தில் வரும் எண்ணும் கம்பெனி ஆண்டறிக்கையில் நேராகத் தெரியும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம், பெரும்பாலும் காரணம் இதுதான்.

சரி, இப்போது உள்ளே இறங்குவோம். புரிவதற்காக ஒரு படகுக் கணக்கை நானே போடுகிறேன், எண்கள் என் கற்பனை, விகிதத்தை மட்டும் பாருங்கள். ஒரு தடவை போய்வந்து மீன் விற்றது 1,00,000 ரூபாய். டீசல் 40,000, ஐஸ் 5,000, சாமானும் தண்ணீரும் 3,000, ஆட்கள் பங்கு 24,000, வலை, எண்ணெய், சில்லறை ரிப்பேர் 6,000. மொத்தம் 78,000, மிச்சம் 22,000. இதில் டீசலும் ஐஸும் கம்பெனிக் கணக்கில் மூலப்பொருள் மாதிரி. ஆட்கள் பங்கு ஊழியர் செலவு. மற்றவை இதர செலவு.

இந்த 78,000-க்குள்ளேயே இரண்டு ஜாதி இருக்கிறது. டீசல், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எரியும். பங்கு, மீன் கிடைத்தால்தான் கொடுக்க வேண்டும். கம்பெனிகளிலும் இப்படி இரண்டு ஜாதி உண்டு, எது எந்த ஜாதி என்பது மட்டும் மாறும். மூலப்பொருள் விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும், சம்பளமும் வாடகையும் காவலும் இறங்காது. எங்கள் கடற்கரையில் சங்காயத்தை லாரியில் ஏற்றி மீன்தூள் ஆலைக்கு அனுப்புகிறார்கள் இல்லையா, அந்த மீன்தூள் போய்ச்சேரும் இடங்களில் ஒன்று இறால் தீவனத் தொழில். அவந்தி ஃபீட்ஸ் மாதிரிக் கம்பெனியின் கணக்கைத் திறந்தால் செலவில் மிகப் பெரிய பங்கு மூலப்பொருள்தான், மீன்தூள், சோயாப் புண்ணாக்கு, கோதுமை மாவு. இங்கே சோயா விலை கொஞ்சம் ஏறினாலும் இலாபம் ஆடிப்போகும். மென்பொருள் கம்பெனியைத் திறந்தால் நேர்மாறு, முக்கால்வாசி இடத்தை ஊழியர் செலவு பிடித்திருக்கும். இரண்டுக்கும் ஒரே இயக்கச் செலவு விகிதம் இருந்தாலும் இரண்டும் ஒரே தொழில் இல்லை. அதனால் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு வரியையும் விற்பனையில் எத்தனை சதவீதம் என்று ஐந்து வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

கையிருப்பு மாற்றம் என்ற வரி நிறையப் பேரைக் குழப்பும், சில காலாண்டில் அது கழித்தல் குறியோடு வேறு வரும். செலவு எப்படி மைனஸில் வரும்? கருவாட்டுக் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் ஒருவர் பத்து டன் மீன் வாங்கிக் காயப்போட்டு, அதில் ஆறு பங்கை விற்றுவிட்டார், நாலு பங்கு கிடங்கில் இருக்கிறது. மீன் வாங்கிய காசு முழுக்கச் செலவு வரியில் ஏறிவிட்டது, ஆனால் விற்பனை ஆறு பங்குக்குத்தான் வந்திருக்கிறது. அதனால் கிடங்கில் இருக்கும் நாலு பங்கின் அடக்கவிலையை இந்த வரியில் மைனஸ் போட்டு எடுத்துவிடுகிறார்கள், அது விற்கும் காலாண்டில் செலவாக வரும். நியாயமான முறைதான். ஆனால் காலாண்டுக்குக் காலாண்டு மைனஸ் பெரிதாகிக்கொண்டே போனால், சரக்கு தேங்குகிறது என்று அர்த்தம். தேங்கிய கருவாடு மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும்.

இதர செலவுகள் என்ற வரியைத் தாண்டிப் போகாதீர்கள். பெயர் அலட்சியமாக இருந்தாலும் மின்சாரம், எரிபொருள், வாடகை, பழுதுபார்ப்பு, காப்பீடு, சரக்குக் கூலி, விளம்பரம், ஒப்பந்தத் தொழிலாளர் கூலி, வராத பாக்கிக்கு ஒதுக்கீடு எல்லாம் இதில்தான் கிடக்கும். விற்பனையில் ஒரு சதவீதத்தைத் தாண்டும் செலவைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று விதி இருப்பதால், ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஊழியர் செலவு குறைந்துவிட்டது என்று ஒரு கம்பெனி பெருமைப்பட்டால் உடனே இங்கே வந்து ஒப்பந்தக் கூலி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். ஆள் அதே ஆள்தான், வரி மட்டும் மாறியிருக்கும்.

இன்னொன்று. இயக்கச் செலவு என்பது கையிலிருந்து போன காசு இல்லை. ஐஸ் கம்பெனிக்குப் பாக்கி வைத்திருந்தாலும் ஐஸ் செலவு எழுதியாக வேண்டும். வராத பாக்கிக்கு ஒதுக்குவதும் ஊழியர்களுக்குப் பங்குகளாகக் கொடுக்கும் சம்பளமும் காசு போகாத செலவுகள், ஆனாலும் செலவுதான். புதுத் தலைமுறைக் கம்பெனிகள் சில இந்தப் பங்குச் சம்பளத்தை எடுத்துவிட்டு ஒரு எண்ணைத் தனியாகச் சொல்கின்றன, பேடிஎம் 'ஈசாப் (பங்குச் சம்பளம்) செலவுக்கு முந்தைய எபிட்டா' என்றே அறிவித்து வந்தது. வெளிப்படையாகச் சொல்கிறார்கள், அதுவரை நல்லது. படிக்கிற நாம்தான் அந்தச் செலவைத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பங்கைக் கொடுக்காவிட்டால் அந்த ஆள் காசு கேட்டிருப்பார்.

இனி கோட்டுக்குக் கீழே போனவை.

தேய்மானம் என்றால் கையில் தொடக்கூடிய பொருள் பழசாவது. போக்கெழுதுதல் என்றால் தொட முடியாத உரிமைகள், உரிமங்கள், மென்பொருள், காப்புரிமை, இவற்றின் விலையைப் பயன்படும் வருடங்களுக்குப் பிரித்து எழுதுவது. தொலைபேசிக் கம்பெனி ஏலத்தில் எடுக்கும் அலைக்கற்றை 20 வருட உரிமை, அந்தக் காசை ஒரே வருடத்தில் செலவெழுத முடியாது, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போக்கெழுதுவார்கள். கையில் தொடக்கூடிய பொருளுக்கு எத்தனை வருடம் என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொருளுக்குப் பொருள் சொல்கிறது. சாதாரண இயந்திரத்துக்கு 15 வருடம், மேசைக் கணினிக்கு 3. அந்தப் பட்டியலில் கப்பல்கள் என்ற தலைப்பின் கீழே மரத்தால் ஆன அடிக்கட்டு உள்ள மீன்பிடிக் கலத்துக்கும் ஒரு வரி இருக்கிறது, 10 வருடம். அதை முதல் தடவை படித்த அன்றைக்குச் சித்தப்பாவின் படகு ஒன்பதாவது வருடத்தில் பொத்தென்று சொன்னது ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தச்சரின் சுத்தியலும் சட்டப் புத்தகமும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்லியிருக்கின்றன, எங்கள் வீட்டு நோட்டில் மட்டும் அது இல்லை.

நம் கற்பனைப் படகுக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். படகு விலை 60 லட்சம், கடைசியில் உடைத்து விற்றால் 5 சதவீதம் வரும், மீதி 57 லட்சம். பத்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 5,70,000. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் போக, ஒன்றுவிட்டு ஒரு நாள் போவதும் காற்றும் மழையும் வேலைநிறுத்தமும் போக, வருடத்துக்கு 100 தடவை கடலுக்குப் போகிறார் என்று வைத்தால், ஒரு தடவைக்கு 5,700 ரூபாய். அதாவது டீசலுக்கும் ஐஸுக்கும் கொடுப்பது போலக் கடலும் ஒவ்வொரு தடவையும் படகிலிருந்து 5,700 ரூபாயை எடுத்துக்கொள்கிறது, ரசீது மட்டும் தருவதில்லை. 40 லட்சம் கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் தடவைக்கு இன்னொரு 4,800. ஆக 22,000 மிச்சம் என்று நினைத்தது உண்மையில் 11,500. சித்தப்பா செய்த தவறு செலவு எழுதாதது இல்லை. கோட்டுக்கு மேலே இருந்ததை ஒரு ரூபாய் விடாமல் எழுதினார். கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று நம்பினார்.

அப்படியானால் தேய்மானத்துக்கு முந்தைய செலவை எதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் கழித்த இலாபத்தையே பார்த்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. பக்கத்துப் படகுக்காரர் படகை ரொக்கத்தில் வாங்கியிருக்கலாம், இவர் கடனில் வாங்கியிருக்கலாம், ஒருவர் புதுப் படகு, ஒருவர் பழைய படகு. இந்த வித்தியாசங்களை எல்லாம் விலக்கிவிட்டு, கடலில் யார் திறமையாக ஓட்டுகிறார், ஒரு ரூபாய் மீனுக்கு யார் குறைந்த டீசல் எரிக்கிறார் என்று பார்க்க இந்த எண்தான் உதவும். தேய்மானம் நிர்வாகம் எடுக்கும் ஒரு கணிப்பும்கூட, ஒரு கம்பெனி அதே இயந்திரத்துக்கு 15 வருடம் என்கும், இன்னொன்று தக்க காரணம் காட்டி 20 என்கும். இயக்கச் செலவில் அந்தக் கணிப்பின் நிழல் விழாது. எபிட்டா என்ற அளவுகோலை எழுபது, எண்பதுகளில் அமெரிக்கக் கேபிள் டிவித் தொழிலில் பிரபலமாக்கியவர் டிசிஐ கம்பெனியின் ஜான் மலோன். பெரிய கடன் வாங்கி வலைப்பின்னல் போடும் தொழில், ஆரம்பத்தில் தேய்மானமும் வட்டியும் இலாபத்தை விழுங்கிவிடும், தொழில் நடக்கிறதா இல்லையா என்று கடன்காரர்களுக்குக் காட்ட வேறு எண் தேவைப்பட்டது.

ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. வோடஃபோன் ஐடியாவின் 2023-24 வருட விற்பனை ஏறக்குறைய 42,650 கோடி ரூபாய். தேய்மானத்துக்கு முந்தைய செலவுகள் போக மிஞ்சியது 17,100 கோடிக்கும் மேல், அதாவது நூற்றுக்கு நாற்பது, எந்தத் தொழிலுக்கும் நல்ல எண். அதே வருடம் கடைசி வரியில் நட்டம் 31,200 கோடி. நடுவில் இருந்தது தேய்மானமும் போக்கெழுதுதலும் சுமார் 22,600 கோடி, நிதிச் செலவு சுமார் 25,700 கோடி. கோட்டுக்கு மேலே பார்த்தவருக்கு அது நன்றாக ஓடும் படகு, கீழே பார்த்தவருக்குத் தண்ணீர் ஏறும் படகு.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. சாயல்குடிக் கரையிலிருந்து உள்ளே போனால் கமுதி. அங்கே அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2016-ல் திறந்தது, சுமார் 2,500 ஏக்கர், சுமார் 4,550 கோடி ரூபாய் முதலீடு. சூரிய மின் நிலையத்துக்கு டீசல் வேண்டாம், நிலக்கரி வேண்டாம். பலகையில் படியும் புழுதியைத் துடைக்க வேண்டும், காவல் போட வேண்டும், கெட்டுப்போன உதிரிப்பாகத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதனால் இந்தத் தொழிலில் நூறு ரூபாய்க்கு மின்சாரம் விற்றால் இயக்கச் செலவு பத்து ரூபாய் அளவுக்குள் அடங்கிவிடுவது சாதாரணம். அடேயப்பா என்று தோன்றும். ஆனால் 4,550 கோடியை 25 வருடத்துக்குச் சமமாகப் பிரித்தால் தேய்மானம் மட்டும் வருடத்துக்கு 182 கோடி வரும், அப்புறம் வட்டி. செலவு எங்கும் போய்விடவில்லை, எல்லாச் செலவையும் முதல் நாளே செய்துவிட்டார்கள். இறால் தீவனக் கம்பெனியையும் சூரிய மின் கம்பெனியையும் இந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது, அது வத்தை என்கிற சின்னப் படகையும் சரக்குக் கப்பலையும் ஒரே துடுப்பால் அளப்பது மாதிரி.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். கோட்டுக்கு மேலே எழுத வேண்டிய செலவைக் கீழே தள்ள முடியும்.

தடைக்காலத்தில் கரையேறிய படகுக்கு இரண்டு விதமான வேலை நடக்கும். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பது, அடியில் பெயின்ட் அடிப்பது, ஆணி மாற்றுவது, இதெல்லாம் படகு நேற்று இருந்தபடி இன்றும் இருக்கச் செய்யும் வேலை. பாடப்புத்தகத்தில் வருவாயினச் செலவு என்பார்கள், இந்த வருடச் செலவில் முழுக்க ஏறும். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புது எஞ்சின் வைப்பது, அடிக்கட்டையே மாற்றுவது, இவை படகின் ஆயுளைக் கூட்டுபவை. முதலினச் செலவு, சொத்தில் சேர்த்துத் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதலாம். சட்டமே முக்கியமான பாகத்தைத் தனியாகப் பிரித்து அதற்கென்று ஆயுள் போடச் சொல்கிறது, கப்பல் கம்பெனிகள் உலர்துறையில் ஏற்றிச் செய்யும் பெரிய பழுதுபார்ப்பை அடுத்த உலர்துறை வரைக்கும் பரப்பி எழுதுவதும் விதிப்படிதான். பிரச்சினை நடுவில் இருக்கிறது. அதே தச்சர், அதே ரசீது, இருபது பலகை மாற்றியிருக்கிறார். இது ரிப்பேரா, ஆயுள் கூட்டலா? மேலே எழுதினால் இந்த வருட எபிட்டா குறையும். கீழே எழுதினால் எபிட்டாவை அது தொடவே தொடாது, இந்த வருடமும் தொடாது, எந்த வருடமும் தொடாது, ஏனென்றால் பிறகு வரும் தேய்மானமும் கோட்டுக்குக் கீழேதான்.

அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி வேர்ல்ட்காம் செய்தது இதுதான். தன் வாடிக்கையாளர்களின் அழைப்பை மற்றக் கம்பெனிகளின் கம்பி வழியாக அனுப்ப மாதா மாதம் கொடுத்த கட்டணம் சுத்தமான இயக்கச் செலவு, எங்கள் டீசல் மாதிரி, எரிந்தால் போச்சு. அதைச் சொத்து என்று எழுதினார்கள். 2002 ஜூனில் அது வெளியே வந்தபோது அப்படி மாற்றி எழுதிய தொகை 380 கோடி டாலருக்கும் மேல், தோண்டத் தோண்ட இன்னும் வளர்ந்தது, அடுத்த மாதமே கம்பெனி திவால் மனு போட்டது. டீசலைப் படகு விலையோடு சேர்த்து எழுதினால் எந்தப் படகும் இலாபத்தில்தான் ஓடும்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லை எங்கே என்பது அங்கே கண்ணுக்கே தெரியும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு உப்புக் காற்று தின்னத் தின்னச் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் ஓயாத வேலை, அது பராமரிப்பு. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் பக்கத்தில் 550 கோடிச் சொச்சத்தில் கட்டிய புதுச் செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்தது, அது முதலீடு. ஒரு ருசியான விஷயம், அதைக் கட்டியது ஆர்விஎன்எல் (ரயில் விகாஸ் நிகம்), பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி. ரயில்வேக்கு அந்த இரும்பும் சிமென்ட்டும் சொத்து. ஒப்பந்தத்தில் கட்டிக்கொடுக்கும் கம்பெனிக்கு அதே இரும்பு வேலைச் செலவு, கோட்டுக்கு மேலே வரும். பொருள் ஒன்றுதான், யார் கையில் எதற்காக இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் இடம்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் பாதை ஒரே இரவில் போனது. உப்பு நாற்பது வருடத்தில் தின்பது தேய்மானம், புயல் ஒரு இரவில் எடுப்பது மதிப்பிழப்பு. கணக்கில் இரண்டும் வேறு வேறு. சில தரவுத் தளங்கள் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

யாரும் தப்புச் செய்யாமல், விதி மாறியதாலேயே செலவு கோட்டைத் தாண்டிய கதையும் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் குத்தகைக்கான புதுக் கணக்குத் தரம், இன்ட் ஏஎஸ் 116, வந்தது. அதுவரை கடை வாடகை, விமான வாடகை எல்லாம் இயக்கச் செலவில் இருந்தன. அதற்குப் பிறகு நீண்ட காலக் குத்தகைகளில் பெரும்பாலானவற்றைக் கம்பெனி தன் சொத்து போலவும் கடன் போலவும் எழுதி, வாடகைக்குப் பதிலாகத் தேய்மானமும் வட்டியும் காட்டுகிறது. இன்டிகோ மாதிரி விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டும் கம்பெனிக்கும், ஊருக்கு ஊர் வாடகைக் கடை போடும் சில்லறை வணிகக் கம்பெனிக்கும் இயக்கச் செலவு திடீரென்று இறங்கியது மாதிரித் தெரிந்தது அதனால்தான். விமானம் அதே விமானம், வாடகை அதே வாடகை. 2019-க்கு முன்னும் பின்னும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு எபிட்டா எகிறிவிட்டது என்று யாராவது காட்டினால், இதை ஞாபகம் வையுங்கள்.

வங்கிகளுக்கும் கடன் கொடுக்கும் நிதிக் கம்பெனிகளுக்கும் இந்த எண்ணைப் போட வேண்டாம். அவர்களுக்கு வட்டிதான் மூலப்பொருள், அதை எடுத்துவிட்டால் டீசலை எடுத்துவிட்டுப் படகுக் கணக்குப் போட்ட கதை.

கம்பெனி உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் செய்வது ஒன்று உண்டு. பணப்பாய்வு அறிக்கையில் முதலீட்டு நடவடிக்கைகள் என்ற பகுதியில் நிலம், கட்டடம், இயந்திரம் வாங்கக் கொடுத்த காசு என்று ஒரு வரி இருக்கும். ஐந்து வருடத்துக்கு அதைக் கூட்டி ஒரு பக்கம் எழுதுவேன். அதே ஐந்து வருடத் தேய்மானத்தைக் கூட்டி இன்னொரு பக்கம். வாங்கியது தேய்மானத்தைவிட ரொம்பக் குறைவாக இருந்தால், சித்தப்பா மாதிரிப் பழைய பலகையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று ஆண்டறிக்கையில் தேடுவேன். ரொம்ப அதிகமாக இருந்தும் விற்பனை வளரவில்லை என்றால், மேலே இருக்க வேண்டிய செலவு ஏதாவது கீழே இறங்கியிருக்கிறதா என்று சொத்துக் குறிப்புகளில் 'நடந்துகொண்டிருக்கும் முதலின வேலை' என்ற வரியைப் பார்ப்பேன். முடியாத வேலை என்று வருடக்கணக்கில் அங்கே கிடக்கும் தொகைக்குத் தேய்மானமும் ஆரம்பிக்காது. எத்தனை வருடமாகக் கிடக்கிறது என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை இப்போது ஆண்டறிக்கையிலேயே வருகிறது, மூன்று வருடத்துக்கு மேல் என்ற கட்டத்தில் பெரிய தொகை இருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவேன்.